"அம்மாவுக்குப் பேரு விழல": இது பிழையா?

கொழுந்துமடுவம்:
எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, கேட்டுடறேன்.

என் தங்கச்சி தரம் எட்டு படிக்கிறா. இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். 'அம்மாவின் ஒரு நாள்'னு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. அவ எழுதினதுல ஒரு இடம் இப்படி இருக்கு: "அன்று நல்ல மழை. அம்மாவுக்குப் பேர் விழவில்லை. இரவு ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டுப் படுத்தோம்."

"ரொட்டியைக் குடித்தீர்களா?"ன்னு டீச்சர் கேட்டிருந்தா நானே சிரிச்சிருப்பேன். அதை விட்டுட்டாங்க. 'பேர் விழவில்லை'க்கு மட்டும் சிவப்பு மையில வட்டம். பக்கத்துல "எங்கே விழவில்லை? பொருளற்ற வாக்கியம்"னு எழுதியிருக்கு. டீச்சர் வெளியூர், வந்து நாலு மாசந்தான் ஆகுது. அவங்க மேல கோவம் இல்ல. அந்த 'பொருளற்ற'ங்கிற சொல்லுதான் உறுத்துது.

தோட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க பக்கம் 'பேரு'ன்னா ஒரு நாள் சம்பளம். காலையில பெரட்டுல, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துல நின்னு, மலைக்குப் போயி, சாயங்காலம் மடுவத்துல, அதான் எடை போடுற கொட்டாயில கொழுந்து நிறுத்து, செக்ரோல்ங்கிற வேலைப் பதிவுல பேருக்கு நேரா அடையாளம் விழுந்தாத்தான் அன்னைக்கு வேலை செஞ்சதாக் கணக்கு. எங்க தோட்டத்துல ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்து. அதுக்குக் கொறைஞ்சா அரைப்பேரு. அதைத்தான் "பேரு விழல"ங்கிறோம்.

என் கேள்வி இதுதான். டீச்சருக்கு விளங்காமப் போனது 'பேரு'ங்கிற சொல்லா, 'விழல'ங்கிற வினையா? ஒரு வாக்கியத்துக்குப் பொருள் எங்கேருந்துதான் வருது?

சாயத்தண்ணி:
அக்கா, ரொட்டியைக் குடிச்ச விசயத்துல என் பேரையும் இழுத்து விட்டுட்டாளே உங்க தங்கச்சி!

எங்க தாத்தா அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல நாப்பது வருசம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவரு. "ஆளு முழுசு, பேரு அரை"ன்னு சொல்லிச் சிரிப்பாரு. அரைப்பேருங்கிற சொல்லை யோசிச்சுப் பாருங்க. பேரை எப்படிய்யா பாதியா வெட்டுறது? முனியாண்டிக்கு அரைப்பேருன்னா முனியா, ஆண்டியா?

'பேரு வெட்டிட்டாங்க'ன்னு ஒண்ணும் இருக்கு. வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னு அர்த்தம். அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்க மாட்டாங்க.

நேர்கோடு:
ஆசிரியர் செய்தது சரி என்றே படுகிறது. கட்டுரை என்பது எழுத்து வழக்கு. விடைத்தாள் திருத்துபவர் மட்டக்களப்பிலோ மன்னாரிலோ இருக்கலாம்; அவருக்கு விளங்காத வாக்கியத்துக்கு அவர் புள்ளி போட மாட்டார். "அன்று அம்மாவுக்கு நாட்கூலி கிடைக்கவில்லை" என்று எழுதினால் முடிந்தது. இதை ஏன் இவ்வளவு பெரிதாக்க வேண்டும்?

கொழுந்துமடுவம்:
நீங்க சொன்ன வாக்கியம் நடந்ததைச் சொல்லலையே. கூலி கெடைக்கலன்னா சல்லிக்காசு கெடைக்கலன்னு ஆகுது. அம்மாவுக்குப் பாதி கெடைச்சது. நாள் பூரா நனைஞ்சாங்க, வேலையும் பாத்தாங்க, ஆனா அந்த நாள் முழு நாளாக் கணக்குல ஏறல. இது அத்தனையும் 'பேரு விழல'ங்கிற ரெண்டே சொல்லுக்குள்ள இருக்கு. நீங்க நாலு சொல்லுல எழுதியும் தப்பாத்தான் வந்திருக்கு.

பழைய பலகை:
ஓய்வுபெற்ற தமிழாசிரியன், பதுளை. கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பேர்'. இது ஆகுபெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. "புளி முளைத்தது" என்கிறோம். புளி என்பது சுவை. சுவை பழத்துக்கு ஆகி, பழம் மரத்துக்கு ஆகி, கடைசியில் முளைத்தது மரம். இரண்டு படி தாண்டுவதால் இருமடியாகுபெயர். "கார் அறுத்தான்" என்பது மூன்று படி: கருமை, மேகம், பருவம், அந்தப் பருவத்து நெல். இப்போது உங்கள் அம்மாவின் 'பேர்': ஆளின் பெயர், பெயருக்கு எதிரே இடும் அடையாளம், அடையாளம் குறிக்கும் நாள், அந்த நாளுக்குரிய சம்பளம். எண்ணிப் பாருங்கள், 'கார்' போலவே மூன்று தாண்டல். நான் வகுப்பில் முப்பது வருடம் காருக்கு நெல்லை உதாரணம் காட்டினேன். வயலையே பார்த்திராத பிள்ளைகளுக்கு! 'பேர்' எதிரே உட்கார்ந்திருந்தது, எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. தொல்காப்பியர் ஓரிடத்தில் "எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே" என்கிறார். இன்னோரிடத்தில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்கிறார். சொல் பொருளைக் குறிக்கிறது. ஆனால் இந்தச் சொல் ஏன் இந்தப் பொருளைக் குறிக்கிறது என்ற காரணம் பளிச்சென்று தெரியாது. சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் சொசூர் ஒலிக்கும் பொருளுக்கும் இயல்பான உறவு எதுவும் இல்லை, அது சமூகத்தின் உடன்பாடு என்றார். அவர் மறைந்த பிறகு 1916இல் அவருடைய விரிவுரைகள் அச்சில் வந்தபோது மொழியியலே திரும்பிப் பார்த்தது. இரண்டும் ஒன்றல்ல, தொல்காப்பியர் காரணமே இல்லை என்று சொல்லவில்லை, எளிதில் தோன்றாது என்கிறார். 'பேர்' விஷயத்தில் எனக்குத் தொல்காப்பியரே பொருத்தமாகப் படுகிறார். காரணம் இருக்கிறது, ஆனால் செக்ரோலைப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும். அந்த ஆசிரியை பார்த்ததில்லை.

சாயத்தண்ணி:
சேர், இது நீங்க சொல்லித் தந்த குழூஉக்குறி இல்லையா? ஒரு கூட்டத்துக்குள்ள மட்டும் வெளங்குற சொல்லு? (நான் உங்க மாணவன்தான். யாருன்னு கேக்காதீங்க, புள்ளி ஞாபகம் வந்துரும்.)

பழைய பலகை:
கேட்கவில்லை தம்பி, ஊகித்துவிட்டேன்.

குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் தரும் உதாரணம்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது, யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பது, வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பது. குடித்தவனைப் பேச வைப்பதால் சொல்விளம்பி. தவறணை (கள்ளுக்கடை) வாசலில் நின்றவர்களுக்கு உரை தேவைப்படாது. ஆனால் அங்கே நோக்கம் மறைப்பு. பக்கத்தில் நிற்பவனுக்கு விளங்கக் கூடாது. 'பேர்' யாரிடமிருந்தும் எதையும் மறைக்கவில்லை. தொரைக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஆகுபெயர் என்றே வைத்துக்கொள்வோம்.

வரம்புநண்டு:
நான் யாழ்ப்பாணம், வேலை மாற்றலாகி நுவரெலியா வந்து ரெண்டு வருசம். உண்மையைச் சொல்லுறன், அந்த ரீச்சர் நிலைமைதான் எனக்கும். "பேர் விழேல்லை" எண்டு வாசிச்ச உடனை லொத்தர் (பரிசுச்சீட்டு) எண்டுதான் நினைச்சனான். எங்கட பக்கம் சீட்டு விழும், லொத்தர் விழும். பேரும் விழுமாக்கும் எண்டு.

சொல் ஒண்டாயிருந்து பொருள் மாறினால் என்ன நடக்கும் எண்டதுக்கு என்ரை கதை. வந்த முதல் கிழமை, இங்கத்தைய பொடியன் ஒருத்தன் வந்து, "சேர், மேனேஜர் உங்ககிட்ட பேசணும்னாரு" எண்டான். எனக்கு வேர்த்துப் போச்சு. ஏனெண்டால் எங்களுக்குக் கதைக்கிறது வேறை, பேசுறது வேறை. பேசுறது எண்டால் ஏச்சு. என்ன பிழை விட்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டு போனால், மனுசன் தேத்தண்ணி தந்து தங்கிற இடம் வசதியோ எண்டு கேக்கிறார்.

பிறகு யோசிச்சால், பொடியன்ரை வாக்கியத்திலையே விடை இருந்தது. நாங்கள் ஏச்சு வாங்கினால் "எனக்குப் பேசினவர்" எண்டுவம். அவன் "உங்களுக்கு" எண்டு சொல்லேல்லை, "உங்ககிட்ட" எண்டுதான் சொன்னவன். வேற்றுமை உருபைக் கவனிச்சிருந்தால் அவ்வளவு வேர்த்திருக்காது. சொல்லைக் கேட்டுப் பயந்திட்டன், உருபைக் கேக்கேல்லை.

(இன்னொண்டு: 'தோட்டம்' எண்டால் எங்களுக்கு வெங்காயமும் மிளகாயும். இங்கை வந்து "எங்க தோட்டத்துல எண்ணூறு குடும்பம்" எண்டு ஒருத்தர் சொல்ல, நான் வாயைத் திறந்துகொண்டு நிண்டது தனிக் கதை.)

கொழுந்துமடுவம்:
வரம்புநண்டு அண்ணா, நீங்க சொன்ன 'லொத்தர் விழும்' எனக்கு ஒரு வழியைத் திறந்துருச்சு.

'விழு'ன்னு வர்றதையெல்லாம் இன்னைக்கு பஸ்ல கண்டி வர்ற வரைக்கும் அடுக்கிப் பாத்தேன். லொத்தர் விழுந்துச்சு. தண்டம் விழுந்துச்சு. பழி விழுந்துச்சு. நூல்ல முடிச்சு விழுந்துச்சு. எதுலயும் செஞ்சவன் இல்ல. தண்டத்தை ஒருத்தன் போட்டான், பழியை ஒருத்தி போட்டா, ஆனா 'விழுந்துச்சு'ன்னு சொல்லிட்டா அந்த ஆளு வாக்கியத்துக்குள்ளேயே வரமாட்டான். வானத்துலேருந்து மழை விழுந்த மாதிரி.

செக்ரோல்ல பேரு தானா விழுகுமா? ஒரு பேனா இருக்கு, பேனாவைப் பிடிச்ச கை இருக்கு. "பேரு போடல"ன்னு சொன்னா, உடனே "யாரு போடல?"ன்னு கேள்வி வரும். கணக்கப்பிள்ளையா, மேற்பார்வை பாக்குற கண்டாக்கையாவா? "பேரு விழல"ன்னா அந்தக் கேள்விக்கே இடமில்ல. மறுநாள் காலையில அதே ஆளு முன்னாடிதானே பெரட்டுல போயி நிக்கணும்? அதனாலதான் எங்க அம்மாமாருங்க 'விழல'ன்னு சொல்லப் பழகிட்டாங்களோ?

அப்படின்னா 'பேரு' விளங்கினா மட்டும் போதாது. அந்த டீச்சர் வட்டம் போட வேண்டியது முழு வாக்கியத்துக்குந்தான்.

ரெண்டுங்கெட்டான்:
அப்பா தமிழ், அம்மா சிங்களம், ஊரு பண்டாரவளை. பேரைப் பாத்தாலே தெரியும், சின்ன வயசுல எல்லாரும் வச்ச பேருதான், இப்ப எனக்குப் பிடிச்சுப்போச்சு.

அக்கா சொல்ற விசயம் சிங்களத்துல இன்னும் பச்சையாத் தெரியும். வீட்டுல கோப்பையை உடைச்சேன்னு வைங்க. "மம கோப்பய கெடுவா"ன்னா நானே உடைச்சேன். "மகே அதின் கோப்பய கெடுணா"ன்னா என் கையால உடைஞ்சு போச்சு, வேணும்னு செய்யல. கெடுவா, கெடுணா. நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் மாறுது, அடி விழுறதும் விழாததும் அதுல இருக்கு. அம்மாகிட்ட 'கெடுணா', அப்பாகிட்ட 'உடைஞ்சிருச்சு'. ரெண்டு மொழியிலயும் தப்பிச்சவன் நான்.

தமிழ்ல நமக்கு உடைஞ்சது-உடைச்சேன், விழுந்தது-போட்டான், கலைஞ்சது-கலைச்சான்னு இருக்கு. ஆனா சிங்களத்துல அந்த 'மகே அதின்'னு கையை மட்டும் உள்ள விட்டு, மனசை வெளிய நிறுத்துற வசதி இருக்கு பாருங்க, அது அழகு.

இன்னொண்ணு, சிங்களத்துல வாக்கியத்துக் கடைசியில 'லு' போட்டா "நான் பாக்கல, சொல்லக் கேட்டேன்"னு அர்த்தம். "படி வெடி வெனவலு." தமிழ்ல அப்படியே "சம்பளம் கூடுதாம்." அந்த 'ஆம்' இல்லாம மலையகத்துல ஒரு தேர்தலும் நடந்ததில்ல.

பனிமூட்டம்:
தோஹாவுலேருந்து எழுதுறேன். ஊரு மஸ்கெலியா. 'ஆம்'னு படிச்சதும் ஒரு ராத்திரி ஞாபகம் வந்துருச்சு.

2021ல தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய்னு அரசாங்க வர்த்தமானி (கெசட்) வந்தப்ப நான் லீவுல வீட்டுல இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம், வரிசையாக் காம்பரா காம்பராவா (அறை அறையா) இருக்கிற எங்க லயத்துல ஒரே ஒரு சொல்லுதான், 'ஆயிரம்'. இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்து காதை மட்டும் தீட்டி வச்சிருந்தேன்.

முதல் காம்பராவுல எங்க சித்தப்பா, ரேடியோ பக்கத்துல: "ஆயிரமாம்." அவரு எதையும் நேரா நம்ப மாட்டாரு.
அடுத்த காம்பராவுல பெரியம்மா: "ஆயிரமா?"
அவங்க மருமக: "ஆயிரந்தான்." ரெண்டாயிரத்தை எதிர்பாத்தவ மாதிரி.
வாய்க்காப் பக்கம் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த அக்கா: "ஆயிரமாவது தரட்டும்."
சங்கத்துக்காரத் தம்பி ஒருத்தன் ஓடி வந்து: "ஆயிரமே தான்!" அவனுக்கு மட்டும் சந்தோசம்.
கடைசிக் காம்பராவுல ஒரு கெழவி இருந்தாங்க, எம்பது தாண்டினவங்க. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஆயிரமும் தருவானுங்களா?"ன்னாங்க.

எல்லாரும் ஒரே செய்தியைத்தான் பேசினாங்க. அகராதியில பாத்தா ஆறு பேரு சொன்னதும் ஒரே எண்ணு. ஆனா யாரு நம்புறா, யாருக்குப் போதல, யாரு பயப்படுறா எல்லாம் அந்த வாலுலதான் இருந்துச்சு. அதுலயும் அந்தக் கெழவியோட 'உம்' இருக்கே, அதை இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. 900 அடிப்படை, 100 கொடுப்பனவுன்னு பிரிச்சுப் போட்டிருந்தாங்க, அதுக்காகச் சொன்னாங்களா, இல்ல ஆயுசு பூராவும் பாதி பாதியா வாங்கினதுக்காகவா?

பழைய பலகை:
அந்தப் பாட்டி சொன்னது முற்றும்மை. ஆயிரம் முழுவதும் தருவார்களா, அல்லது வழியில் கொஞ்சம் உதிர்ந்துவிடுமா என்ற கேள்வி. தொல்காப்பியர் உம் என்ற ஓர் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறார்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். அதே தொல்காப்பியர்தான் இடைச்சொற்கள் பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்குமே தவிர "தமக்கு இயல்பு இலவே" என்றும் சொல்கிறார். தனியாக நிற்கத் தெரியாத சொல்லுக்கு எட்டு வேலை. தோட்டத்தில் எனக்குத் தெரிந்த சிலரை நினைவூட்டுகிறது, போகட்டும்.

'உம்' என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை. முதலில் இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்கிறது. 1987இல் 13ஆம் திருத்தம் வந்தபோது அடுத்த வரியில் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று சேர்த்தார்கள். கவனியுங்கள்: 'தமிழ்' என்று அல்ல, 'தமிழும்'. "சிங்களமும் தமிழும்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தால் அது எண்ணும்மை. இரண்டும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில். தனி வாக்கியத்தில் 'தமிழும்' என்று மட்டும் நின்றால் அது எச்சவும்மை. "சாத்தனும் வந்தான்" என்றால் கொற்றன் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது பொருள். சாத்தனுக்கு இடம் உண்டு. நாற்காலி எது என்பதுதான் கேள்வி.

சட்டத்தின்படி உரிமை உரிமைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. இலக்கணம் என்ன சொல்கிறது என்று கேட்டால் இதைச் சொல்கிறது, அவ்வளவே.

சாயத்தண்ணி:
எட்டு உம்மையில எங்களுக்குப் பிடிச்சது ஐயவும்மைதான் சேர். "கூடினாலும் கூடும்." அதையே குடிச்சு வளந்தவங்க நாங்க.

நாங்கன்னதும் ஞாபகம் வருது. நாமக்கும் நாங்கக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் இல்ல, ஒரு சின்னத்தொரை, அதான் தோட்டத்து உதவி மேனேஜரு. தோட்டத்தைச் சொல்லல, ஆளையும் சொல்லல. பெரட்டுல நின்னு பேசுவாரு. விலை விழுந்த மாசம், "நாம எல்லாரும் கொஞ்சம் கஷ்டப்படணும்." கேள்வி கேட்டா, "அதை நாங்க பாத்துக்குவோம்." கஷ்டத்துல நாங்களும் உள்ள, முடிவெடுக்கிறதுல நாங்க வெளிய. ஒரே மனுசன், ஒரே வாயி, அஞ்சு நிமிசத்துக்குள்ள கதவைத் திறந்து மூடிட்டாரு. பின்னாடி நின்ன பொம்பளைங்க கூட கவனிச்சாங்க. "காலையில நாம, மத்தியானம் நாங்க"ன்னு அவருக்குப் பட்டப்பேரே வச்சுட்டாங்க.

வரம்புநண்டு:
எங்கட பேச்சில ரெண்டுக்கும் 'நாங்கள்'தான். "நாங்கள் படத்துக்குப் போறம்" எண்டு சொன்னால், கேட்டுக்கொண்டு நிக்கிறவன் தானும் வரலாமோ, கூடாதோ எண்டு முழிப்பான். எழுதேக்கை 'நாம்' வரும், கதைக்கேக்கை வராது. உங்கட சின்னத்தொரை யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தால் பட்டப்பேர் இல்லாமல் தப்பியிருப்பார்.

ஆனால் ஒண்டு. அதுக்காக எங்களுக்கு உள்ளை-வெளியை தெரியாது எண்டில்லை. "நாங்கள் போறம், நீரும் வாரும்" எண்டு வேறை வழியாலை சொல்லுவம். அந்த 'நீர்' இங்கை இல்லை. உங்களுக்கு நீயும் நீங்களும்தான். நடுவிலை ஒருத்தரை நிப்பாட்ட இடமில்லாமல் நான் இங்கை படுற பாடு! என்ரை வயசுப் பொடியனை 'நீங்கள்' எண்டால் சிரிக்கிறான், 'நீ' எண்டால் முறைக்கிறான்.

நேர்கோடு:
நீண்ட விவாதம், ரசித்தேன். சில இடங்களில் என் கருத்து மாறியும் விட்டது. நான் எழுதிய 'நாட்கூலி கிடைக்கவில்லை' தவறான பெயர்ப்பு என்பதை ஏற்கிறேன்.

ஆனாலும் ஒன்றை நீங்கள் யாரும் தொடவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது. திருத்துபவர் இந்த இழையை வாசித்துவிட்டு உட்கார மாட்டார். எழுத்து என்பது அறியாதவருக்கும் போய்ச் சேர வேண்டியது. 'பேர்' என்ற சொல்லை அவள் விட வேண்டாம். அதற்கு முன் ஒரு வரி சேர்க்கட்டும். "எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்போம்" என்று. அதன் பிறகு வட்டம் போட எந்த ஆசிரியருக்கும் காரணம் இராது.

'விழவில்லை' பற்றி அக்கா சொன்ன விளக்கம் எனக்கு முழுதாக ஏற்புடையதாக இல்லை. செய்தவரை மறைக்கவே எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? பேசுகிறவரிடம் கேட்டீர்களா? நாம் ஐந்தாறு பேர் பஸ்ஸிலும் தோஹாவிலும் உட்கார்ந்து அம்மாவின் வாக்கியத்துக்கு உரை எழுதுகிறோம்.

பழைய பலகை:
நியாயமான கேள்வி. உரைகாரர்களுக்கு இருக்கிற வியாதி அது, மூலத்தைச் செய்தவரிடம் கேட்பதில்லை. எங்களுக்காவது அவர் உயிரோடு இல்லை என்ற சாக்கு இருக்கிறது.

மட்டுறுத்துநர்:
தேர்தல், சங்கம் பற்றிய நான்கு பதிவுகளை அந்தப் பகுதிக்கு நகர்த்திவிட்டேன். சாயத்தண்ணி, இரண்டு உங்களுடையவை. இழை திறந்தே இருக்கும்.

கொழுந்துமடுவம்:
நேர்கோடு அண்ணா கேட்டது சுருக்குன்னு பட்டுச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன், கேட்டுட்டேன்.

அம்மா கூடைக் கயித்தை முடிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "ஏம்மா, பேரு விழல, பேரு போடல, ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னேன். நிமிந்து கூடப் பாக்கல. "அது எப்பிடி ஒண்ணாகும்?"னாங்க.

"விழலன்னா நம்ம கொழுந்து பத்தல. மழையோ, மலை காஞ்சு கெடந்துச்சோ, நமக்கு ஒடம்பு முடியலையோ. அது நம்ம கணக்கு. போடலன்னா கொழுந்து இருந்துச்சு, அவங்க போடல. அது அவங்க கணக்கு."

அவ்வளவுதான். நான் பஸ்ல கட்டின கோட்டை அப்படியே சரிஞ்சிருச்சு. பயந்துக்கிட்டு ஆளை மறைக்கிறாங்கன்னு நான் எழுதினேன். எங்க அம்மாவுக்கு அது ரெண்டு வேற வேற சம்பவம், ரெண்டுக்கும் வேற வேற வினை. நாப்பத்தஞ்சு வயசு, அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சாங்க. தன்வினை பிறவினைன்னு கேட்டா என்னன்னு கேப்பாங்க.

பழைய பலகை:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதை விடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

நேர்கோடு:
நானும் தலை வணங்குகிறேன். அப்படியானால் கட்டுரையில் 'விழவில்லை' என்பது மிகச் சரியான சொல். மழை நாள், கொழுந்து போதவில்லை. தங்கை ஒரு விளக்க வரி மட்டும் சேர்த்தால் போதும்.

கொழுந்துமடுவம்:
சேத்துட்டா. டீச்சருக்கும் காட்டினா, அவங்க வட்டத்தை அழிச்சுட்டு, "அரைப்பேர் என்றால் என்ன?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்களாம்.

ஆனா நேர்கோடு அண்ணா, தங்கச்சி விளக்க வரி எழுதிக்கிட்டிருக்கும்போது நான் சும்மா கேட்டேன், அன்னைக்கு எத்தனை கிலோம்மான்னு. அம்மா கொஞ்ச நேரம் பேசல. கயித்தை இழுத்துக் கட்டினாங்க. அப்புறம் "புள்ள எழுதுறதுல விழலன்னே இருக்கட்டும்"னாங்க.

சாயத்தண்ணி:
அக்கா. எத்தனை கிலோ?

கொழுந்துமடுவம்:
தராசுல பத்தொன்பது. ஈரக் கொழுந்துன்னு ரெண்டு கழிஞ்சிருச்சாம்.